ஏடிடி-01 வந்திருக்குங்க. எத வெச்சு எங்களை ஜிஎஸ்டி ஆடிட்டுக்கு எடுத்தாங்க?

காங்கயம்ரோடு பனியன்காரன், திருப்பூர்
எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்களுது சின்ன பனியன் கம்பெனி, 24 பவர் டேபிள். நானும் தம்பியும் பார்ட்னர். வருசத்துக்கு ஆறு கோடி ஓடும். நிட்டிங், சாயம், காம்பேக்டிங், பிரிண்டிங் எல்லாம் வெளியில கூலிக்குக் கொடுத்துச் செய்யற ஜாப் ஒர்க்தான், கட்டிங்கும் தையலும் மட்டும் நம்ம இடத்துல. போன வெள்ளிக்கிழமை ஜிஎஸ்டி போர்ட்டல்ல ஏடிடி-01, அதான் ஆடிட் நோட்டீஸ், வந்திருக்கு. 2022-23, 2023-24 ரெண்டு வருசக் கணக்கும் கேட்டிருக்காங்க. லெட்ஜர், ஸ்டாக், டிசி புக் (ஜாப் ஒர்க்குக்குச் சரக்கு அனுப்பற டெலிவரி சலான்), பேங்க் ஸ்டேட்மென்ட்னு ஒரு பக்கத்துக்கு லிஸ்ட் போட்டிருக்காங்க. எட்டு வருசமா ஒரு ரிட்டன்கூட தேதி தவறுனதில்லீங்க. பக்கத்துல இருக்கற பத்து கம்பெனியை விட்டுப்போட்டு எங்களை மட்டும் எதுக்கு எடுக்கோணும்? மூணு வருசத்துக்கு முன்னால ஒறமுறைல ஒருத்தனோட கணக்குத் தீர்த்துப் பிரிஞ்சோம். அவன்தான் பெட்டிசன் போட்டிருப்பான்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுது. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, ஒரு வாரமா ராத்திரித் தூக்கமே இல்ல.

வீரபாண்டி சாயம்
பெட்டிசன்தாங்க அண்ணா, சந்தேகமே வேண்டாம். எங்க பட்டறைக்கும் வாட் காலத்துல அப்படித்தான் வந்தாங்க. வேலையை விட்டு நின்ன ஒருத்தன் எழுதிப்போட்டது பின்னால தெரிஞ்சுது.

ஓய்வுபெற்ற வணிகவரி ஊழியர், கோபி
தம்பி, நான் 1959ஆம் வருச விற்பனை வரிச் சட்டம் இருந்த காலத்துல வேலைக்குச் சேர்ந்து, 2007ல வாட் வந்தப்போ இருந்து, 2017 ஜூலை 1ல ஜிஎஸ்டி வந்து கொஞ்ச நாள் கழிச்சு ஓய்வு பெற்றவன். உங்க கேள்விக்குப் பதில் சொல்றதுக்கு முன்னால ஒன்னைப் பிரிச்சுப் பார்க்கணும். உங்களுக்கு வந்திருக்கறது ஜிஎஸ்டி சட்டம் 65ஆம் பிரிவுல வர்ற தணிக்கை. இதுக்குக் குறைஞ்சது 15 வேலை நாளுக்கு முன்னாலயே நோட்டீஸ் தரணும். பெட்டிசன் பேர்ல, தகவல் பேர்ல நடக்கறது பெரும்பாலும் 67ஆம் பிரிவு சோதனை. அதுக்கு இணை ஆணையர் அந்தஸ்துக்குக் குறையாத ஒருத்தர், 'நம்பறதுக்குக் காரணம் இருக்கு'ன்னு எழுதி அனுமதி தரணும். அவங்க நோட்டீஸ் கொடுத்துட்டு வரமாட்டாங்க, காலைல கதவைத் தட்டுவாங்க. உங்களை விட்டுப் பிரிஞ்சவன் எழுதின கடுதாசி வேலை செஞ்சிருந்தா, உங்களுக்கு 15 நாள் அவகாசம் கொடுத்து 'டிசி புக்கை எடுத்து வையுங்க'ன்னு கேட்டிருக்க மாட்டாங்க.

கடுதாசியே வராது, அது செல்லுபடி ஆகாதுன்னு நான் சொல்லல. வரும். எடுத்த உடனே யாரும் கிளம்பிப் போறதில்ல, முதல்ல அந்த ஜிஎஸ்டின் நம்பரைப் போட்டு கணக்கு என்ன சொல்லுதுன்னு பார்ப்பாங்க. கணக்கு நேரா இருந்தா கடுதாசி அங்கயே நின்னுபோகும்.

65ஆம் பிரிவுல இன்னொன்னு கவனிங்க. தப்பு நடந்திருக்குன்னு சந்தேகம் இருந்தாத்தான் தணிக்கைன்னு அதுல எங்கயும் இல்ல. கமிஷனரோ, அவர் உத்தரவு கொடுத்த அதிகாரியோ எடுக்கலாம். அதனால நோட்டீஸ் வந்தாலே நாம குத்தவாளின்னு நெனைச்சுத் தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம்.

காங்கயம்ரோடு பனியன்காரன்
ஐயா, ரொம்ப நன்றிங்க. அப்ப எங்க பேரு யாரு கண்ணுல பட்டுதுங்க?

ஓய்வுபெற்ற வணிகவரி ஊழியர்
யாரோட கண்ணுலயும் இல்ல தம்பி. முந்தி நாங்க வட்ட ஆபீசுல உக்காந்து ஃபைலைப் புரட்டி எடுப்போம். வாளையார் பக்கம் கே.ஜி. சாவடி சோதனைச் சாவடில பதிஞ்ச சீட்டு, வெளி மாநில விற்பனைக்கான சி ஃபார்ம், ஆண்டுக் கணக்கு இதெல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டுதான்னு கையால பார்ப்போம். நூறு ஃபைல்ல பத்தைப் பார்க்கவே நாள் போயிரும். இப்ப அதே ஒட்டுப் பார்க்கற வேலையை மெஷின் எல்லாருக்கும் மாசாமாசம் செய்யுது. மத்திய வரிக்காரங்களுக்குப் பகுப்பாய்வுக்குன்னே தனி இயக்குநரகம் இருக்கு, மாநிலத்துக்கும் அந்தத் தரவு எல்லாம் கிடைக்குது. நீங்க எந்தப் பக்கம்னு முதல்ல பாருங்க. ஒன்றரைக் கோடிக்குக் கீழ இருக்கறவங்கள்ல 90 சதவீதம் பேர் மாநிலத்துக்கு, அதுக்கு மேல பாதிக்குப் பாதின்னு ஆரம்பத்துல பிரிச்சுக்கிட்டாங்க.

ஜிஎஸ்டிஆர்-1ல நீங்க சொன்ன விற்பனை, 3பில நீங்க கட்டின வரி, உங்களுக்கு வித்தவங்க சொன்னதால 2பில ஏறின இன்புட் (வாங்கும்போதே கொடுத்த வரி, நாம கழிச்சுக்கறது), இ-வே பில்லுல ஓடின சரக்கு, இன்கம்டாக்ஸ்ல நீங்க காட்டின டர்ன்ஓவர், ரீஃபண்ட் வாங்கியிருந்தா அந்த மனு. இந்த ஆறு இடத்துலயும் ஒரே கம்பெனியைப் பத்தி ஒரே கதை வரணும். எங்க கதை மாறுதோ அங்க சந்தேக மதிப்பெண் ஏறும். பேர், சாதி, கட்சி, பக்கத்து வீட்டுக்காரன் எதுவும் அந்த மெஷினுக்குத் தெரியாது.

கணபதி பவுண்டரி, கோவை
ஐயா சொல்றதுல ஒன்னு சேர்த்துக்கறேனுங்க. நம்ம கதை நேரா இருந்தும், நமக்குச் சரக்குப் போட்டவன் கதை கோணலா இருந்தா நம்மளையும் இழுத்துரும். நாங்க பம்பு காஸ்டிங் ஊத்தறோம். ஸ்க்ராப் போட்டவர் ஒருத்தர் ரெண்டு வருசம் ஒழுங்கா பில் கொடுத்தார், 2பிலயும் ஏறுச்சு. அப்புறம் அவரோட பதிவையே பின்தேதி போட்டு ரத்து பண்ணிட்டாங்க. அவர்கிட்ட வாங்கின எல்லாத்துக்கும் வரிசையா நோட்டீஸ். லோடு வந்த எடைச்சீட்டு, லாரி நம்பர், பேங்க்ல பணம் போனது, உலைல உருக்கின பதிவு, அத்தனையும் எடுத்துக் கொடுத்தப்புறம்தான் சரக்கு நெசமா வந்துச்சுன்னு ஏத்துக்கிட்டாங்க. எட்டு மாசம் ஆச்சுங்க. எடைச்சீட்டைக் கிழிச்சுப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னைக்கும் நெனச்சுப் பாக்கறேன். 2024 அக்டோபர் 10ல இருந்து பதிவில்லாத ஆள்கிட்ட உலோக ஸ்க்ராப் எடுத்தா வித்தவருக்குப் பதிலா வாங்கற நாமளே வரி கட்டோணும்னு வந்திருக்கு, அதுக்குப் பேர்தான் ரிவர்ஸ் சார்ஜ். புதுசா வாங்கறவங்க பார்த்துக்கங்க.

பல்லடம் கணக்கு அக்கா
தம்பி, நான் பதினஞ்சு வருசமா பனியன் கம்பெனிக் கணக்குதான் எழுதறேன். உங்க அமைப்பைப் படிச்ச உடனே எனக்கு ஒன்னு பட்டுச்சு. உங்க 3பிய எடுத்து, வருசத்துக்குக் காசா கட்டுன வரி எவ்வளவு, இன்புட்டுல கழிச்சது எவ்வளவுன்னு பாருங்க. நூலுக்கு 5 சதவீத வரி, நிட்டிங் கூலிக்கு 5, சாயத்துக்கு 5, பிரிண்டிங்குக்கு 5. பனியன் விக்கும்போதும் 5. நூறு ரூபாய்க்கு விக்கறீங்கன்னு வெச்சுக்கங்க, அதுல எழுபத்தஞ்சு ரூபா வரி பில்லோட வெளியில இருந்து வந்தது. அஞ்சு ரூபா வரில மூணே முக்கால் இன்புட்டு, காசா கட்டறது ஒன்னேகால். மிஷின் எல்லாம் சொந்தமா வெச்சிருக்கற கம்பெனிக்கு வெளி பில்லு அம்பது ரூபாதான்னா, இதே நூறுக்கு ரெண்டரை கட்டும். மெஷினுக்கு ரெண்டு பேரும் 'ரெடிமேட் உற்பத்தி'தான். ஒருத்தன் ரெண்டரை கட்டறான், ஒருத்தன் ஒன்னேகால் கட்டறான், ஏன்னு கேள்வி வரும்ல? நம்ம ஊர்த் தொழிலே பத்துக் கை மாறித்தான் ஒரு பனியன் ஆகுதுங்கறது அதுக்குத் தெரியாது. அதைச் சொல்றதுக்குத்தான் டிசி புக்கு.

அப்புறம் உங்க ஆடிட்டர் போட்ட லாப நட்டக் கணக்கை எடுத்துப் பக்கத்துல வெச்சுக்கங்க. இதைச் செய்யாம யாரும் ஆடிட்டுக்குப் போயிராதீங்க. வரவுப் பக்கத்துல 'இதர வருமானம்'னு ஒரு வரி இருக்கும். அதுல கட்டிங் வேஸ்ட் வித்தது, பழைய ஓவர்லாக் மிஷின் வித்தது, ஷெட்டுல ஒரு மூலையை வாடகைக்கு விட்டது எல்லாம் கெடக்கும். அதுல எதுக்காவது ஜிஎஸ்டிஆர்-1ல பில் இருக்கான்னு பாருங்க. செலவுப் பக்கத்துல 'வண்டி வாடகை'ன்னு இருக்கும். அதுக்கு 3பில ரிவர்ஸ் சார்ஜ் கட்டத்துல ஏதாச்சும் இருக்கா? நான் கணக்குப் பார்த்த கம்பெனிகள்ல பாதிக்கு மேல அந்தக் கட்டத்துல சைபர்தான் இருந்துச்சு.

காங்கயம்ரோடு பனியன்காரன்
அக்கா, நீங்க சொன்ன ரெண்டும் இருக்குதுங்க. இப்பத்தான் எடுத்துப் பாத்தேன். ரெண்டு வருசத்துலயும் சேர்ந்து வேஸ்ட் வித்தது 11 லட்சம். மாசத்துக்கு ஒருக்கா வந்து மூட்டை எடுத்துட்டுப் போவாரு, கைல காசு கொடுப்பாரு, பேங்க்ல கட்டீருவோம். மறைக்கோணும்னு இல்லீங்க, மறைச்சிருந்தா கணக்குல எழுதியிருக்கவே மாட்டோம். அதுக்குப் பில் போடோணும்னே தோணல. வண்டி வாடகை 14 லட்சம். ரிவர்ஸ் சார்ஜ் கட்டத்துல சைபர்.

நாமக்கல் லாரி புக்கிங்
14 லட்சம் முழுசுக்கும் கட்ட வேண்டியதில்லீங்க, அவசரப்பட்டு ஒத்துக்காதீங்க. எல்ஆர் (லாரி ரசீது) போட்டுக் கொடுக்கறவங்கதான் சரக்குப் போக்குவரத்து ஏஜென்சி, அவங்களுக்குக் கொடுக்கற வாடகைக்குத்தான் ரிவர்ஸ் சார்ஜ். நிட்டிங்ல இருந்து சாயப்பட்டறைக்கு டாட்டா ஏஸ்காரன் பேருக்கு ஒரு துண்டுச் சீட்டுல 600 ரூபான்னு எழுதிக்கொடுத்தா அது வண்டி வாடகை, ஏஜென்சி இல்ல. பிரிச்சுப் பாருங்க.

பல்லடம் கணக்கு அக்கா
அண்ணா சொல்றது சரிதான். ஆனா 'எனக்கு எல்லாம் டாட்டா ஏஸ்தான்'னு வாயில சொன்னா நிக்காது, வவுச்சர் வேணும். முன்னால ஒரு லோடுக்கு 1500 ரூபாய்க்குள்ள இருந்தா விலக்கு இருந்துச்சு. 2022 ஜூலை 18ல அதையும் எடுத்துட்டாங்க. அது உங்க முதல் வருசத்துக்கு நடுவுல வருது தம்பி. ஜூலைக்கு முன்னால, பின்னாலன்னு ரெண்டாப் பிரிங்க.

வீரப்பன்சத்திரம் தறி, ஈரோடு
நானும் என் கதையைச் சொல்றேனுங்க, யாருக்காச்சும் உதவும். எங்களுக்கு ஆடிட் இல்ல, ஏஎஸ்எம்டி-10 வந்துச்சு. ரிட்டனைக் கூர்ந்து பார்த்துட்டு 'இந்த வித்தியாசத்துக்கு விளக்கம் சொல்லு'ன்னு கேக்கறது. 30 நாள்ல ஏஎஸ்எம்டி-11ல பதில் சொல்லோணும். கேட்டது என்னன்னா, இ-வே பில்லுல ஓடின மதிப்பு, ரிட்டன்ல காட்டின விற்பனையை விட ஒரு கோடியே சொச்சம் கூட இருக்குன்னு.

எனக்கு அடிவயிறு கலங்கிப்போச்சுங்க. அப்புறம் உக்காந்து ஒவ்வொன்னா எழுதினோம். கிரே துணியை வடக்க பிரிண்டிங்குக்கு அனுப்பறோம். வெளி மாநிலத்துக்கு ஜாப் ஒர்க்குக்குப் போனா மதிப்பு எவ்வளவு கம்மியா இருந்தாலும் இ-வே பில் போடோணும். போட்டோம். அது விற்பனை இல்ல, துணி நம்மளுதுதான். அதுலயே முக்கால் கோடி. அடுத்தது, இ-வே பில்லுல வரியும் சேர்ந்த தொகை, ரிட்டன்ல வரி இல்லாத தொகை. மூணாவது, பார்ட்டி ஆர்டரை நிறுத்திட்டான், வண்டி கிளம்பவே இல்ல. இ-வே பில்லை 24 மணி நேரத்துக்குள்ளதான் ரத்து பண்ண முடியும். எங்க பையன் ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தான். அப்படி ஏழு பில்லு செத்துக் கெடக்குது, மெஷினுக்கு அது ஓடின சரக்கு.

எல்லாத்தையும் பட்டியல் போட்டு அனுப்பினோம், ஏஎஸ்எம்டி-12 கொடுத்து முடிச்சுட்டாங்க. ஒன்னு மட்டும் கேட்டாங்க, ஐடிசி-04 ஏன் போடலைன்னு. ஜாப் ஒர்க்குக்கு என்ன போச்சு, என்ன வந்துச்சுன்னு சொல்ற ஃபாரம். அஞ்சு கோடிக்கு மேல ஓடினா ஆறு மாசத்துக்கு ஒருக்கா, கம்மியா இருந்தா வருசத்துக்கு ஒருக்கா. அதைப் போட்டிருந்தா நோட்டீஸே வந்திருக்காதுன்னு எங்க ஆடிட்டர் சொன்னாரு. துணி போயி ஒரு வருசத்துக்குள்ள திரும்பலைன்னா, அனுப்பின அன்னைக்கே வித்ததா எடுத்துக்குவாங்க. அதையும் ஞாபகத்துல வெச்சுக்கங்க.

கரூர் ஏற்றுமதி
ரீஃபண்ட் பத்தி யாரும் விரிவாச் சொல்லலையே. எங்களை மாதிரி எல்யூடில (வரி கட்டாம ஏற்றுமதி பண்ண எழுதிக் கொடுக்கற உறுதி) அனுப்பிட்டு இன்புட்டைத் திருப்பி வாங்கறவங்க, அரசாங்கக் கஜானால இருந்து காசு வாங்கறவங்க. திரும்பிப் பார்க்கத்தான் செய்வாங்க, அதுல கோவப்பட ஒன்னும் இல்ல. ஷிப்பிங் பில் மதிப்பும் இன்வாய்ஸ் மதிப்பும் வேற வேற நாள் டாலர் ரேட்ல இருந்தா அதுக்கு ஒரு தாள் எழுதி அப்பவே ஃபைல்ல வெச்சுக்கணும். ரெண்டு வருசம் கழிச்சு எங்க மெர்ச்சண்டைசரே மாறியிருப்பார், யார்கிட்டப் போய்க் கேக்கறது?

வீரபாண்டி சாயம்
எல்லாம் சரிங்க. ஒருத்தர் வந்து 'கொஞ்சம் செலவாகும், ஆடிட்டையே லேசா முடிச்சுத் தர்றேன்'னு சொல்றாரே, அந்த மாதிரி ஆளு காங்கயம்ரோடு அண்ணன்கிட்டயும் வந்திருப்பாரே?

காங்கயம்ரோடு பனியன்காரன்
வந்தாருங்க. நோட்டீஸ் வந்து நாலாம் நாளே.

ஓய்வுபெற்ற வணிகவரி ஊழியர்
அவரை வாசலோட அனுப்பிருங்க. உங்க குறை வேஸ்ட்டும் வண்டி வாடகையும்தான்னு உங்களுக்கே தெரிஞ்சுபோச்சு. வரி சில ஆயிரம், அதுக்கு 18 சதவீத வட்டி. ஆடிட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே டிஆர்சி-03 ஃபாரத்துல நீங்களா கட்டுங்க. இந்த ஆடிட் நோட்டீஸ் இல்ல, வரி கேட்டு வர்ற நோட்டீஸ், அது வர்றதுக்கு முன்னால வரியும் வட்டியும் கட்டிட்டா 73ஆம் பிரிவுல அபராதம் இல்ல. கைல கொடுக்கற காசுக்கு ரசீது இல்ல, உங்க குறையும் அப்படியே இருக்கும், அடுத்த வருசம் அதே ஆள் திரும்ப வருவார். என் 30 வருசத்துல இதை நான் பலமுறை பார்த்து வருத்தப்பட்டிருக்கேன், என் துறை ஆளுங்க மேலயும் சேர்த்துத்தான் சொல்றேன்.

ஆரம்பிச்ச தேதில இருந்து மூணு மாசத்துல ஆடிட் முடியணும். கமிஷனர் மேற்கொண்டு ஆறு மாசம் வரைக்கும் நீட்டலாம். முடிஞ்சு 30 நாள்ல என்ன கண்டோம்னு ஏடிடி-02ல எழுதித் தரணும். கேட்ட கேள்வி எல்லாத்துக்கும் எழுத்துல பதில் கொடுங்க, கொடுத்ததுக்கு ஒப்புகை வாங்குங்க.

காங்கயம்ரோடு பனியன்காரன்
(நாலு மாசம் கழிச்சு)
எல்லாருக்கும் வணக்கமுங்க. ஆடிட் முடிஞ்சு ஏடிடி-02 வந்திருச்சு. நடந்ததைச் சொல்லீறேன்.

அக்கா சொன்ன மாதிரி வேஸ்ட்டுக்கும் வண்டிக்கும் கணக்குப் பிரிச்சோம். வேஸ்ட் 11 லட்சத்துக்கு 5 சதவீதம், 55,000. வண்டி வாடகைல எல்ஆர் இருந்தது 6 லட்சத்து 40,000, அதுக்கு 32,000. மீதிக்கெல்லாம் துண்டுச் சீட்டு தேடி எடுத்து மாசவாரியா ஒட்டினோம். தம்பி பொண்டாட்டிதான் பத்து நாள் உக்காந்து ஒட்டுச்சு. வட்டியோட சேர்த்து ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மியா டிஆர்சி-03ல முன்னாலயே கட்டிட்டோம்.

ரெண்டு பேர் வந்தாங்க, மூணு நாள் கம்பெனிலயே உக்காந்து பாத்தாங்க. மரியாதையாத்தான் பேசினாங்க. முதல் நாளே லாட் ரெஜிஸ்டரைக் கேட்டாங்க. ஒரு லாட்டை எடுத்து, 'நூறு கிலோ நூல் போயிருக்கு, எம்பது கிலோ பனியன் வந்திருக்கு, மீதி இருபது கிலோ எங்கே?'ன்னு கேட்டாங்க. எனக்கு அப்பத்தான் வெளிச்சமாச்சுங்க. சாயத்துல எவ்வளவு கழியுது, கட்டிங்ல எவ்வளவு பிட்டு விழுதுன்னு லாட்டுக்கு லாட்டு எங்கப்பா காலத்துல இருந்து எழுதறோம். அந்தப் புக்கைப் பார்த்தாலே வேஸ்ட் இவ்வளவு வித்திருக்கோணும்னு தெரிஞ்சிரும். 'கட்டிட்டோமுங்க, இந்தாங்க டிஆர்சி-03'ன்னு காமிச்சேன். அதே புக்குதான் காசாக் கட்டின வரி ஏன் கம்மிங்கற கேள்விக்கும் பதில் சொல்லுச்சு. ஒவ்வொரு லாட்டும் எந்த நிட்டிங், எந்த சாயப்பட்டறை, எந்த பிரிண்டிங் போச்சுன்னு டிசி நம்பரோட இருந்ததால, இன்புட் எல்லாம் நெசமான வேலைக்குத்தான்னு ஒத்துக்கிட்டாங்க. ஒரு நிட்டிங்காரர் மட்டும் மூணு மாசம் ஜிஎஸ்டிஆர்-1 போடாம விட்டிருந்தாரு, அந்த இன்புட் 18,000 திருப்பிக் கட்டினோம். அவர்கிட்ட அந்தப் பணத்தை நான் கேட்டுட்டு இருக்கேன்.

ஏன் எடுத்தீங்கன்னு கடைசி நாள் கேட்டுட்டேனுங்க. வயசான அதிகாரி, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காமிக்கல, வாய்லயே சொன்னாரு. இன்புட் விகிதம் கூட, ரிவர்ஸ் சார்ஜ் சைபர், இன்கம்டாக்ஸ்ல காட்டின மொத்த வரவு ஜிஎஸ்டியை விடப் பதினொரு லட்சம் ஜாஸ்தி. அந்தப் பதினொன்னு வேஸ்ட்டேதான். நாங்களே ஒரு இடத்துல எழுதி, இன்னொரு இடத்துல எழுதாம விட்டது.

பிரிஞ்சு போன அந்தப் பங்காளி பேரை இங்க நான் தேவையில்லாம இழுத்துட்டேன். நாலு மாசமா ரோட்டுல பார்த்தாலும் மூஞ்சியத் திருப்பிட்டுப் போனேன். போன ஞாயித்துக்கிழமை அவன் மக சீருக்கு நானும் என் ஊட்டுக்காரியும் போய்ட்டு வந்தோமுங்க. இதைப் பத்தி அவன்கிட்ட ஒன்னும் சொல்லல, எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

பல்லடம் கணக்கு அக்கா
நல்லா முடிஞ்சுது தம்பி. இந்த மாசத்துல இருந்து வேஸ்ட்டுக்குப் பில் போடறீங்களா?

காங்கயம்ரோடு பனியன்காரன்
போடறோமக்கா. மூட்டை எடுக்க வர்றவருக்கு ஜிஎஸ்டி நம்பர் இல்ல, அதனால பதிவில்லாதவர் பேர்ல போட்டு ஜிஎஸ்டிஆர்-1ல ஏத்திட்டு இருக்கோம். 72 மாசக் கணக்குப் புக்கு வெக்கறதுக்குத் தனியா ஒரு பீரோவும் வாங்கியாச்சு.

அவிநாசி ஜின்னிங்
எனக்கும் நேத்து ஏடிடி-01 வந்திருக்குங்க. விவசாயிங்ககிட்ட பஞ்சு நேரா வாங்கறோம். யாராச்சும் வழி சொல்லுங்க.

பல்லடம் கணக்கு அக்கா
விவசாயிகிட்ட வாங்கற பஞ்சுக்கு 2017 நவம்பர் 15ல இருந்து ரிவர்ஸ் சார்ஜ் உண்டுங்க. முதல்ல 3பிய எடுத்து அந்தக் கட்டத்தைப் பாருங்க, எந்தெந்த வருசம் கேட்டிருக்காங்கன்னு இங்க எழுதுங்க.